புவியீர்ப்பும் கூலியும்: பெஸ்ரினியொக் இருப்புப்பாதையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இந்தியாவிலே இருப்புப்பாதைகள் அமைக்கப்படுவது குறித்துக் கார்ல் மார்க்ஸ் 1853 ஆம் ஆண்டிலே எழுதிய கட்டுரைகள் எமது முற்போக்கு எழுத்துக்களிலே மிகுதியாக எடுத்தாளப்பட்டு வந்துள்ளன. இருப்புப்பாதை அங்கு நவீன கைத்தொழிலின் முன்னோடியாக அமையும் என்ற அவரது கருத்தினை ஒரு சூத்திரம் போன்று பயன்படுத்தி, அதன்மேல் எமது விளக்கங்களைக் கட்டியெழுப்பும் வழக்கம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. இக்கட்டுரையாசிரியரும் அதற்கு விலக்கானவரல்லர். எனினும், எத்தகைய இருப்புப்பாதை, எந்த அகலத்தில், எவரது செலவில், எப்பொருளை எத்திசைக்குக் கொண்டு செல்வதற்காக அமைக்கப்பட்டது என்ற வினாக்களை நாம் போதிய அளவு எழுப்பியதில்லை. இவ்வினாக்களுக்கு விடை தேடிச் செல்லும்போது, எதிர்பாராத ஓரிடத்துக்கு நாம் வந்து சேருகின்றோம். 1870 ஆம் ஆண்டிலே இந்தியாவின் புதிய பாதைகள் எவ்வளவு அகலமாய் இருத்தல் வேண்டும் என்ற விவாதம் உச்சநிலையில் இருந்தபோது, அவ்விவாதத்திலே அடிக்கடி சான்றாகக் காட்டப்பட்டது வட வேல்சின் மலைகளுக்கிடையே ஓடிய, இரண்டு அடி அகலங்கூட முழுமையாக இல்லாத ஒரு சிறு பாதையாகும். பெஸ்ரினியொக் இருப்புப்பாதை என்பது அதன் பெயர்.

அப்பாதையின் வரலாறு பொறியியலாளரின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. எஞ்சின்களின் பெயர்களும் அவற்றை வடிவமைத்தோரின் பெயர்களும் நிறைந்த நூல்கள் பல உள. அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. இக்கட்டுரைக்கும் அவை உதவியுள்ளன. ஆயினும், அப்பாதை ஏன் மலிவாக இருந்தது என்ற ஒரேயொரு வினாவை மையமாகக் கொண்டு நோக்கும்போது, அந்நூல்களிலே ஓரத்தில் நிற்கும் சில விடயங்கள் நடுவே வந்துவிடுகின்றன.

வட வேல்சின் மெரியோனெத் பகுதியிலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 அடி உயரத்தில், பிளைனை பெஸ்ரினியொக் என்னும் ஊர் உண்டு. மழை மிகுந்த, மண் வளங் குன்றிய அம்மலைப்புறத்திலே பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆட்டு மந்தைகளும் சிதறிக் கிடந்த பண்ணைகளுமே இருந்தன. நிலத்தின் அடியிலோ மெல்லிய தகடுகளாகப் பிளக்கக்கூடிய கற்பலகை செறிந்து கிடந்தது. லங்காஷயரிலும் லிவர்பூலிலும் ஆலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் வரிசை வரிசையாக எழுந்த காலம் அது. அவற்றின் கூரைகளுக்கு இக்கல் வேண்டியிருந்தது. கைத்தொழிற் புரட்சி என்று நாம் பேசும்போது பஞ்சும் நிலக்கரியும் இரும்புமே நினைவுக்கு வருகின்றன. அத்தொழிலாளர் தலைக்குமேல் இருந்த கூரையை எவரும் நினைப்பதில்லை.

கல் இருந்தது, கொள்வனவாளரும் இருந்தனர். இடையிலே மலையும் ஆறும் சதுப்பு நிலமும் கிடந்தன. சுரங்கத்திலிருந்து குதிரைகளின் முதுகிலும் வண்டிகளிலும் டுயிரிட் ஆற்றங்கரைக்குக் கற்பலகை கொண்டுவரப்பட்டது. அங்கே ஆழமற்ற படகுகளில் ஏற்றப்பட்டு, ஆற்றின் வாய் வரை சென்று, மீண்டும் கப்பல்களுக்கு மாற்றப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் கல் உடைந்தது. அப்படகோட்டிகளை ஊரார் ‘பிலிஸ்தியர்’ என அழைத்தனர். விவிலியத்தை நாள்தோறும் படித்த ஒரு சமூகம் தனக்குப் பிடிக்காதவருக்கு இடக்கூடிய பெயர்தான். இருப்புப்பாதை வந்ததும் இவர்களது பிழைப்புப் போயிற்று. போக்குவரத்தின் முன்னேற்றத்தைப் பற்றி எழுதுவோர் இத்தகையோரை ஒரு வரியிலே கடந்து சென்றுவிடுவது வழக்கம். நாமும் அதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல இயலாதிருப்பது, அவர்கள் எழுத்து எதனையும் விட்டுச் செல்லாமையினாலேயாகும்.

பாதைக்கு முன்னர் அணை வந்தது. வில்லியம் அலெக்சாண்டர் மடொக்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர், கடல்நீர் ஏறியிறங்கிய அகன்ற கழிமுகத்தை அடைத்து விளைநிலமாக்கும் நோக்குடன் ஏறத்தாழ ஒரு மைல் நீளமான அணையொன்றைக் கட்டுவித்தார். 1811 இலே அது நிறைவெய்தியது. 1812 இலே புயலில் உடைந்தது. அதனைத் திருத்துவதற்குப் பணந் திரட்டும் வேலையில் உற்சாகத்துடன் இறங்கியவர்களுள் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியும் ஒருவர் என்பது இலக்கிய மாணவருக்கு வியப்பூட்டக்கூடிய செய்தியாகும். 1812 இன் பிற்பகுதியில் அங்கு வந்து குடியேறிய அவ்விளைஞர், மனிதன் இயற்கையை வெல்லும் பெருஞ்செயலாக அவ்வணையைக் கண்டார். அரசரையும் மதகுருமாரையும் வணிகத்தையும் கண்டிக்கும் ‘குயின் மாப்’ என்ற நெடுங்கவிதையில் அவர் ஈடுபட்டிருந்ததும் அக்காலத்திலேதான். அணைக்காகக் கையேந்திய கையும் சொத்துடைமையைச் சாடிய கையும் ஒன்றேயாக இருந்தமை, அக்காலத்துப் புரட்சிகரச் சிந்தனையின் எல்லைகளை எமக்கு உணர்த்துகின்றது. 1813 இன் தொடக்கத்தில், இரவிலே தம்மை எவரோ தாக்கியதாகக் கூறி, ஷெல்லி அவ்விடத்தை விட்டு நீங்கினார். அத்தாக்குதல் நிகழ்ந்ததா என்பது பற்றி இன்றும் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அணை திருத்தப்பட்டது. பிற்காலத்திலே இருப்புப்பாதை கடல்முகத்தை அடைந்தது அவ்வணையின் மேலாகத்தான். அதன் முடிவிலே எழுந்த துறைமுகமே போர்த்மடொக்.

1831 இலே கற்பலகை மீதான வரி நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1832 மே 23 அன்று, பெஸ்ரினியொக் இருப்புப்பாதைக் கம்பனியை நிறுவும் சட்டம் பாராளுமன்றத்திலே நிறைவேறியது. இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வந்தமை தற்செயலானதன்று. சாமுவேல் ஹொலண்ட் என்ற சுரங்க உரிமையாளர் பாதையின் தேவையை வற்புறுத்தியவர். ஹென்றி ஆர்ச்சர் என்பவர் முதலைத் திரட்டியவர். ஜேம்ஸ் ஸ்பூனர் நிலத்தை அளந்து பாதையை வகுத்தவர். முதலின் பெரும்பகுதி டப்ளின் நகரத்திலிருந்து வந்தது. வேல்ஸ் மக்களின் மலையில், ஆங்கில உரிமையாளரின் சுரங்கத்துக்கு, அயர்லாந்தின் பணத்தில் பாதை அமைந்தது என்று சுருக்கிக் கூறலாம். (இந்த ஆர்ச்சரே பின்னர் தபால் முத்திரைத் தாள்களில் துளைவரிசை இடும் பொறியை உருவாக்கி அரசாங்கத்திற்கு விற்றவர். முதல் தேடி அலையும் மனிதருக்கு எல்லாத் துறைகளும் ஒன்றே போலும்.)

1836 ஏப்ரல் 20 அன்று பாதை திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கிடையே அகலம் 1 அடி 11½ அங்குலம். போர்த்மடொக்கிலிருந்து பிளைனை வரை அதன் நீளம் ஏறத்தாழ 13½ மைல். சுரங்கங்களுக்குள்ளே ஆட்கள் தள்ளிச் சென்ற சிறு வண்டிகளின் அகலத்தையே பாதையும் பெற்றது. மலைச்சரிவைக் குடைந்தும் வளைந்தும் செல்வதற்கு ஒடுங்கிய பாதையே ஏற்றதாகவும் இருந்தது. ஸ்பூனரின் திறமை முழுவதும் ஒரு விடயத்தில் வெளிப்பட்டது: மலையின் உச்சியிலிருந்து அணையின் தலைப்பு வரை பாதை இடைவிடாது கீழ்நோக்கிச் சரிந்து வரும்படி அவர் அதனை வகுத்தார். தொடக்கத்தில் மொயில்வின் மலைத்தோளிலே மட்டும் வண்டிகளைச் சாய்தளங்களில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. 1842 இலே அங்கு குகைப்பாதை திறக்கப்பட்டதும் அத்தடையும் நீங்கிற்று.

கற்பலகை ஏற்றிய வண்டிகள் நீண்ட தொடராக இணைக்கப்பட்டு, தம் எடையினாலேயே கீழே ஓடின. அவற்றை இழுப்பதற்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வண்டிகளின் மேல் அமர்ந்து, பிறேக் கட்டைகளை இறுக்கியும் தளர்த்தியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிலரே போதுமாயினர். தொடரின் வாலிலே தனி வண்டியொன்றில் குதிரைகள் நின்று, தீன் தின்றவாறே பயணஞ் செய்தன. கீழே இறங்க ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். அக்குதிரைகள் வெறும் வண்டிகளை மீண்டும் மேலே இழுத்துச் செல்ல ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். எமது மொழியிலே இருப்புப்பாதை என்றாலே ‘புகையிரதம்’ என்னுஞ் சொல் உடன் வந்துவிடுகின்றது. இப்பாதையிலோ முதல் 27 ஆண்டுகள் புகையே இருக்கவில்லை.

மார்க்ஸ் ‘மூலதன’த்தின் மூன்றாம் பாகத்திலே நிலவாடகையை விளக்குமிடத்து, நீர்வீழ்ச்சியால் இயங்கும் ஆலையையும் நீராவியால் இயங்கும் ஆலையையும் ஒப்பிடுகின்றார். நீர்வீழ்ச்சி இயற்கையின் கொடை. அதற்கு உழைப்பின் பெறுமதி இல்லை. ஆனால் அதனைத் தன் வசமாக்கிக்கொண்டவனுக்கு அது மிகை இலாபத்தை ஈட்டித் தருகின்றது. அம்மிகையை நிலவுடைமையாளன் வாடகையாகக் கேட்கின்றான். நீர்வீழ்ச்சி இருந்த இடத்தில் மலைச்சரிவை வைத்துப் பார்த்தால் பெஸ்ரினியொக் பாதையின் கணக்கு விளங்கிவிடும். பாரம் முழுவதும் ஒரே திசையில், கீழ்நோக்கியே சென்றது. மேலே சென்றவை பெரும்பாலும் வெற்று வண்டிகள். புவியீர்ப்பு கம்பனியிடம் கூலி கேட்கவில்லை. 1842 இலே ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம் பெருந்தீயில் அழிந்து, மீள எழுப்பப்பட்டபோது அதன் கூரைகளுக்குப் போர்த்மடொக்கிலிருந்து கற்பலகை சென்றது. ஒரு நகரத்தின் அழிவு இன்னொரு மலையின் செழிப்பாயிற்று. இச்செழிப்பிலே பாதைக்கும் உரிய பங்கு கிடைத்தது.

கூலி கேட்டவர்கள் மேலே, மலையின் வயிற்றில் இருந்தனர். பிளைனையிலே கற்பலகை திறந்த குழிகளிலன்றிப் பெரும்பாலும் நிலத்தடி அறைகளிலேயே வெட்டப்பட்டது. மெழுகுவர்த்தியின் ஒளியில், இடுப்பிலோ தொடையிலோ சங்கிலியைச் சுற்றிக்கொண்டு பாறை முகத்திலே தொங்கியவாறு துளையிட்டு வெடி வைப்போர் ஒரு சாரார். வெளியே கொட்டகையிலே அமர்ந்து, உளியாலும் கொட்டாப்புளியாலும் கல்லைத் தகடு தகடாகப் பிளந்து செதுக்குவோர் மற்றொரு சாரார். இவர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, பாறையின் ஒரு குறிப்பிட்ட பகுதியை மாதத்துக்கு ஒருமுறை கம்பனியின் மேற்பார்வையாளரிடம் பேரம் பேசிப் பெற்றனர். அம்முறையின் பெயரே ‘பேரம்’ என்பதுதான். நல்ல பாறைக்குக் குறைந்த விகிதம், கெட்ட பாறைக்குக் கூடிய விகிதம் என்பது கோட்பாடு. மேற்பார்வையாளரின் தயவு எவருக்கு உண்டோ அவருக்கு நல்ல விகிதம் என்பது பலரின் முறைப்பாடு. மெழுகுவர்த்தியையும் வெடிமருந்தையும் தொழிலாளரே தம் செலவில் வாங்கினர். வெட்டியெடுத்த கல்லிலே மிகப் பெரும் பங்கு கழிவாகவே போயிற்று. இன்றும் அவ்வூரைச் சுற்றி மலைகளாக நிற்பவை அக்கழிவுகளே. கழிவை வெட்டிய உழைப்புக்குக் கூலி இல்லை.

இம்முறையின் சிறப்பு, அது கூலித் தொழிலாளியைத் தானே ஓர் ஒப்பந்தக்காரன் என்று எண்ணச் செய்ததாகும். சந்தையின் இடர் முழுவதும் அவன் தோளில் ஏற்றப்பட்டது. பதிலுக்குத் தன்மானம் வழங்கப்பட்டது. இத்தன்மானம் வெறும் மாயை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. எமது நோக்கிலே அது தவறாகும். பிற்காலத்தில் அம்மக்கள் நடத்திய நீண்ட போராட்டங்களுக்கு உரமாக அமைந்ததும் இதே தன்மானந்தான்.

சொற்களையும் சற்றே கவனித்தல் வேண்டும். கற்பலகைகள் அளவுக்கேற்பப் பெயர் பெற்றிருந்தன: அரசி, டச்சஸ், கவுண்டஸ், சீமாட்டி. பிரபுக் குலத்துப் பெண்களின் பட்டங்களைச் சுமந்து, எண்ணி அடுக்கப்பட்டு, தொழிலாளர் குடியிருப்புகளின் கூரைகளில் ஏறின. எண்ணும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. கற்பலகை வணிகத்தில் ‘ஆயிரம்’ என்பது 1,200 ஐக் குறித்தது. எமது ஊர்ச் சந்தைகளிலே விற்பவனும் வாங்குபவனும் வெவ்வேறு படியால் அளந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. எண்ணுக்கும் வர்க்கம் உண்டு.

1863 ஒக்டோபரிலே நீராவி எஞ்சின்கள் பாதையில் ஓடத் தொடங்கின. இத்துணை ஒடுங்கிய பாதையிலே எஞ்சின் ஓடாது என்று பல பொறியியலாளர் கருதியிருந்தனர். லண்டனிலே ஜோர்ஜ் இங்கிலண்டின் தொழிற்சாலை செய்தளித்த முதல் எஞ்சின்களுக்கு ‘இளவரசி’, ‘மலையேறி’, ‘இளவரசர்’, ‘பாமர்ஸ்ரன்’ என்று பெயர். பாமர்ஸ்ரன் அப்போது பிரித்தானியாவின் பிரதமர். பாதைக்குக் கல் வழங்கிய வெல்ஷ் சிலேற் கம்பனியின் தலைவராகவும் இருந்தவர். அரசுக்கும் மூலதனத்துக்கும் இடையிலான உறவை விளக்க நூல்கள் எழுதப்பட்டுள்ளன. பெஸ்ரினியொக்கிலோ அது எஞ்சினின் பக்கவாட்டில் பித்தளையில் பொறிக்கப்பட்டிருந்தது. 1865 ஜனவரியிலே பயணிகளை ஏற்றிச் செல்லவும் அதிகாரபூர்வமான அனுமதி கிடைத்தது. சுரங்கத் தொழிலாளரை வேலைக்குக் கொண்டு செல்லத் தனி வண்டிகளும் பின்னர் சேர்க்கப்பட்டன.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நீராவி வந்த பின்னரும் புவியீர்ப்பு ஓய்வு பெறவில்லை. எஞ்சின்கள் வெற்று வண்டிகளை மேலே இழுத்தன. கற்பலகை முன்போலவே தானாக இறங்கியது. நீராவி இடம்பெயர்த்தது குதிரைகளையே. ஆகவே எஞ்சினின் செலவைப் பாரத்தின் அளவோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவோருக்கு வியக்கத்தக்க மலிவு தென்பட்டது. அம்மலிவின் பாதியை மலை வழங்கியது என்பது கணக்கேட்டிலே தோன்றாது.

1869 இலே ரொபேட் பெயர்லி என்ற பொறியியலாளரின் வடிவமைப்பில், நடுவே நெருப்பறையும் இரு முனைகளிலும் புகைபோக்கியுங் கொண்ட ‘சிறு அதிசயம்’ என்னும் இரட்டை எஞ்சின் பாதைக்கு வந்தது. வளைவுகளிலே வளைந்து கொடுக்கும் அதன் இரு சக்கரத் தொகுதிகள் உண்மையிலேயே அறிவுத்திறன் மிக்க கண்டுபிடிப்பாகும். பெயர்லி ஆக்கவுரிமைக் கட்டணமின்றி அதனைப் பயன்படுத்தக் கம்பனிக்கு இடமளித்தார். கம்பனியின் பாதை அவருக்கு விளம்பரக் களமாயிற்று. 1870 பெப்ரவரியில் நடத்தப்பட்ட பரிசோதனை ஓட்டங்களைக் காணக் கூடியோரின் பட்டியல் ஏகாதிபத்தியங்களின் கூட்டம் போன்றது. ரஷ்யச் சக்கரவர்த்தி அனுப்பிய பொப்றின்ஸ்கி பிரபுவின் குழு வந்தது. இந்தியா அலுவலகத்தின் சார்பிலும் அதிகாரிகள் வந்தனர். அதனையடுத்த காலத்திலே அமெரிக்கத் தளபதி பாமர் வந்து பார்த்துச் சென்று, கொலராடோ மலைகளில் மூன்றடிப் பாதையை அமைத்தார். ஜேம்ஸ் ஸ்பூனரின் மகனும் பாதையின் பொறுப்பாளருமான சார்ள்ஸ் ஸ்பூனர் 1871 இலே ஒடுங்கிய பாதைகள் பற்றி நூலொன்றை வெளியிட்டார். 1872 இலே பெயர்லியும் ஒரு நூல் எழுதினார். ஒடுங்கிய பாதை இல்லையேல் ஏழை நாடுகளுக்குப் பாதையே இல்லை என்பதே அவர்தம் வாதத்தின் சாரம்.

வாதம் பொருந்திய காலத்தில் வந்தது. இந்தியாவிலே அதுவரை பாதைகளை அமைத்த ஆங்கிலக் கம்பனிகளுக்கு, இலாபம் வந்தாலும் வராவிட்டாலும், இந்திய வரிப்பணத்திலிருந்து ஆண்டுக்கு 5 வீத வட்டி உறுதி செய்யப்பட்டிருந்தது. உறுதியான வட்டி இருக்குமிடத்தில் சிக்கனம் எதற்கு? 5 அடி 6 அங்குல அகலப் பாதைகள் ஊதாரித்தனமாகக் கட்டப்பட்டன. 1869 அளவில் அரசே நேரடியாகப் பாதைகளை அமைப்பதென்று முடிவானபோது, செலவைக் குறைக்கும் வழி தேடப்பட்டது. நியமிக்கப்பட்ட குழுவிலே ஸ்ட்ரேச்சி, டிக்கன்ஸ், றெண்டெல் ஆகிய மூவரும் 2 அடி 9 அங்குலத்தை விதந்துரைத்தனர். பவுலர் 3 அடி 6 அங்குலம் வேண்டுமென்றார். ஆள்பதி மேயோ பிரபு இடைநடுவே நின்று, இறுதியில் ஒரு மீற்றர் அகலத்தைத் தீர்மானித்தார். முன்னாள் ஆள்பதி லோரன்ஸ் பிரபு இதனை எதிர்த்தார். வெவ்வேறு அகலங்கள் சந்திக்குமிடமெல்லாம் பாரத்தை இறக்கி ஏற்ற வேண்டிவரும் என்பது எதிர்ப்பாளரின் முதன்மையான வாதம். பின்வந்த நூறாண்டுகள் அவ்வாதத்தை மெய்ப்பித்தன.

பெஸ்ரினியொக்கைப் பார்த்தே இந்தியா மீற்றர்ப் பாதையை மேற்கொண்டது என்று நாம் கூறவரவில்லை. வட்டிக் கணக்கும் பஞ்ச அச்சமும் எல்லைப்புற இராணுவத் தேவையும் அத்தீர்மானத்தில் தத்தம் பங்கினை வகித்தன. எனினும், மலிவு பாதையின் அகலத்திலே குடியிருக்கின்றது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமாக அவ்வேல்ஸ் மலை நின்றது. பாரம் அனைத்தும் கீழ்நோக்கியே செல்லும் பாதையின் கணக்கைத் தக்கண மேட்டுக்கும் கங்கைச் சமவெளிக்கும் பொருத்திப் பார்க்கலாகாது என்பதை அக்காலத்திலேயே சுட்டிக்காட்டியோர் இருந்தனர். ஓரிடத்தின் இயற்கையும் அவ்விடத்து மனிதரின் கூலியற்ற உழைப்பும் சேர்ந்து ஈன்ற பயனை, தொழில்நுட்பத்தின் குணமாகக் காணும் மயக்கம் இது. பண்டத்திலே மார்க்ஸ் கண்டுகாட்டிய மாயம் பொறிகளிலும் உண்டு.

தமிழகத்தில் அதன் விளைவு கண்கூடாக நிகழ்ந்தது. நாகபட்டினத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வழியாக 1860களில் அமைந்த அகலப் பாதை, தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பனி 1874 இலே உருவான பின்னர், 1875 க்கும் 1879 க்கும் இடையே மீற்றர்ப் பாதையாகக் குறுக்கப்பட்டது. இருந்த பாதையைப் பெயர்த்து ஒடுக்கிய இந்த ஆண்டுகளிலேதான், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பின்னர் இம்மீற்றர்ப் பாதையே தூத்துக்குடிக்கும், 1914 இலே தனுஷ்கோடிக்கும் நீண்டு, இலங்கையின் தோட்டங்களுக்கு மனிதரைக் கொண்டுவந்து சேர்த்தது. இலங்கையிலோ முதற் பாதைகள் கோப்பிக்காக அகலமாகவே போடப்பட்டன. ஒடுங்கிய பாதை இங்கு 2 அடி 6 அங்குல அகலத்தில் களனிப் பள்ளத்தாக்கிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, 1990களில் அகலமாக்கப்பட்டது.

மீண்டும் பிளைனைக்குத் திரும்புவோம். உலகத்துக்கு முன்மாதிரியாக விளங்கிய பாதை, தன் சொந்த ஊரிலே தனியுரிமையை நெடுங்காலம் காத்துக்கொள்ள முடியவில்லை. 1879 இலே இலண்டன்–வடமேற்குக் கம்பனியின் அகலப் பாதை மலையைக் குடைந்து வந்து சேர்ந்தது; 1883 இலே மேற்குப் பெருங்கம்பனியும் வந்தது. கற்பலகையின் ஒரு பகுதி கப்பலேறாமலே நேரடியாக ஆங்கில நகரங்களுக்குச் சென்றது. அதே ஆண்டு, 1879 இலே, பாதையின் சொந்தத் தொழிற்சாலையான பொஸ்ரன் லொட்ஜிலே உள்ளூர்த் தொழிலாளர் ஓர் இரட்டை எஞ்சினைச் செய்து முடித்தனர். அதன் பெயர் ‘மெர்தின் எம்ரிஸ்’; வேல்ஸ் மரபுக்கதைகளில் வரும் ஒரு பெயர். இளவரசியும் பிரதமரும் லண்டனிலிருந்து வந்தனர். உள்ளூர்க் கைகள் செய்ததற்கு உள்ளூர்ப் பெயர் வந்தது.

தொழிலாளரின் பண்பாட்டு வாழ்வு பற்றி எழுதாமல் இக்கட்டுரையை முடிக்க எமக்கு மனமில்லை. உரிமையாளரும் மேலாளரும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசிய, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தோர். தொழிலாளரோ வெல்ஷ் மொழி பேசிய, திருச்சபையிலிருந்து பிரிந்த வழிபாட்டு மன்றங்களைச் சேர்ந்தோர். வர்க்கமும் மொழியும் சமயமும் ஒரே கோட்டிலே பிரிந்து நின்றன. நண்பகல் உணவுக்காகத் தொழிலாளர் கூடிய ‘கபன்’ எனப்பட்ட சிறு குடிலிலே தலைவர் தெரிவு செய்யப்பட்டார், விவாதங்கள் நடந்தன, பாடலும் கவிதைப் போட்டியும் மனப்பாட ஒப்புவிப்பும் நடந்தன. சில கபன்களின் கூட்டக் குறிப்பேடுகள் இன்றும் உள்ளன. கல்லுடைப்போர் யாப்பிலக்கணத்தின் நுணுக்கங்களைப் பற்றித் தம்முள் வாதிட்டனர் என்பது, பாமர மக்களின் பண்பாட்டை நாட்டார் பாடலுக்குள்ளேயே அடக்கிவிடும் எமது ஆய்வாளர் சிலருக்கு உறைக்க வேண்டிய செய்தியாகும்.

1874 இலே வட வேல்ஸ் கற்சுரங்கத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1893 இலே பிளைனையின் லெக்வெத் சுரங்கத்தில் கதவடைப்பு நிகழ்ந்தது. அயலிலுள்ள கார்நார்வன் பகுதியில், யமேக்காக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் செல்வமீட்டிய குடும்பத்துக்கு உரிய பென்றின் சுரங்கத்திலே, 1900 முதல் 1903 வரை நடந்த போராட்டம் பிரித்தானியத் தொழிலாளர் வரலாற்றின் மிக நீண்டவற்றுள் ஒன்று. அதனைக் கருவாகக் கொண்டு ரோலண்ட் ஹியூஸ் 1946 இலே எழுதிய ‘ஹவல்வா’ என்ற வெல்ஷ் நாவல் வெளிவந்தது.

தூசி பற்றியும் கூறுதல் வேண்டும். கல்லை அறுக்கும் பொறிகள் கொட்டகைகளுக்கு வந்தபின் நுண்தூசி காற்றில் நிறைந்தது, சுவாசப்பை கல்லாயிற்று. சுரங்க உரிமையாளருக்குச் சார்பான மருத்துவர் சிலர், தொழிலாளரின் நலக்கேட்டுக்குத் தூசி காரணமன்று, அவர்கள் நாள் முழுவதும் அடுப்பில் வைத்து அவித்துக் குடிக்கும் தேநீரே காரணம் என்றனர். தேயிலைத் தோட்டங்களின் நாட்டிலிருந்து இதனைப் படிக்கையில் எமக்குச் சிரிப்பும் வரவில்லை. கற்பலகைத் தொழிலாளரின் சுவாசப்பை நோய்க்கு நட்டஈடு வழங்க வழி செய்த சட்டம் 1979 இலேயே வந்தது. அப்பொழுது பெரும்பாலான சுரங்கங்கள் மூடப்பட்டிருந்தன.

பாதையிலே பயணிகள் சேவை 1939 செப்டெம்பரிலும் கற்பலகைப் போக்குவரத்து 1946 ஓகஸ்டிலும் நின்றன. பாதையைக் கைவிடுவதற்கும் பாராளுமன்றச் சட்டம் வேண்டும்; அதற்குரிய பணம் கம்பனியிடம் இல்லை. ஆகவே எஞ்சின்களும் தண்டவாளங்களும் கிடந்த கிடையிலேயே விடப்பட, முட்புதர் மூடியது. 1954 இலே அலன் பெக்லர் என்பவர் கம்பனியின் கட்டுப்பாட்டைப் பெற்றார்; 1955 இலே மடொக்சின் அணைமேல் எஞ்சின் மீண்டும் ஓடியது. நீர்மின் திட்டமொன்றின் நீர்த்தேக்கம் பாதையின் ஒரு பகுதியை மூழ்கடித்தமையால், தொண்டர்கள் ஆண்டுக்கணக்காக மலையை வெட்டிப் புதிய வழி சமைத்தனர். 1982 இலே பாதை பிளைனையை மீண்டும் எட்டியது. 2021 இலே அக்கற்பலகை நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பிளைனையின் கிரெய்க் து சுரங்கத்திலே, வேலை முடிந்ததும் தொழிலாளர் வீடு திரும்பிய விதமொன்று இப்பாதையின் நூல்களிலே அதிகம் இடம்பெறாதது. சுரங்கத்திலிருந்து ஊர் நோக்கிச் செங்குத்தாய் இறங்கிய சாய்தளங்களின் தண்டவாளத்திலே, சக்கரம் பூட்டிய சிறு பலகையொன்றை வைத்து, அதன்மேல் அமர்ந்து, ஒருவர் பின் ஒருவராக அவர்கள் சறுக்கி இறங்கினர். சுரங்கத்துக் கொல்லர் ஒருவர் 1870களில் செய்து பார்த்த கருவி அது. அதற்குக் ‘கார் குவிஹ்ட்’, அதாவது ‘காட்டு வண்டி’, என்று பெயர். பெயர்லியின் எஞ்சினைப் பார்க்க உலகத்தின் பிரதிநிதிகள் வந்து சென்ற அதே பத்தாண்டு. காலையிலே அவர்கள் மலையேறியது கால்நடையாகத்தான்.